ரசனை மாறிய பிறகு பழைய நூல்களை என்ன செய்வது? ஒரு திருகோணமலை அலுமாரியை முன்வைத்து

உவர்மலை வாசகன்

வீட்டில் ஓர் அறை குறைகிறது. ஆகவே என்னிடமுள்ள நூல் அலுமாரிகளில் ஒன்றையாவது வெளியேற்றவேண்டும் என்று வீட்டார் சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. எந்த அலுமாரி என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே விடையையே தருகிறார்கள்: சரித்திரத் தொடர்கதைகளும் மாத நாவல்களும் இருக்கின்ற முதல் அலுமாரி. நான் அவற்றை வாசிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது என்பதும், இன்று என் மேசையில் கிடப்பவை தலபுராணங்களும் பயண நூல்களும் அகராதியும்தான் என்பதும் அவர்களுடைய காரணங்கள். நான் எழுத்தால் வாழ்பவன் அல்லன். பத்திரிகைகளுக்கும் சிறு சஞ்சிகைகளுக்கும் அவ்வப்போது ஒரு சிறுகதை, ஒரு கட்டுரை எழுதுகின்றவன். அந்த நிலையில் நின்றுதான் இக்கேள்வியை இங்கே வைக்கிறேன்.

என் நூல்கள் ஆசிரியர் வரிசையிலோ பொருள் வரிசையிலோ அடுக்கப்பட்டவை அல்ல. அவை வீட்டுக்கு வந்த காலவரிசையிலேயே இருக்கின்றன. இடமிருந்து வலமாக நடந்தால் என் ரசனை எப்படித் திரும்பியது என்பதைப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் நிற்பவை என் தந்தையார் கட்டுவித்த தொடர்கதைத் தொகுதிகள். கல்கி இதழில் 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ வாரம் வாரம் வர, அந்தப் பக்கங்களை மட்டும் கத்தரித்து, ஊசியால் தைத்து, நீலத்துணி மட்டையிட்டுக் கட்டியிருக்கிறார். கதைப் பக்கத்தின் மறுபுறத்தில் சில இடங்களில் தலைவலித் தைலத்துக்கும் கூந்தல் எண்ணெய்க்குமான விளம்பரங்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு வாரத்தின் முதற்பக்கத்திலும் பழைய கம்பிகள் துருப்பிடித்து விட்ட இரண்டு பழுப்புப் புள்ளிகள் தெரியும். நூலாக அச்சிடப்பட்ட பதிப்பில் அத்தியாயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். இந்தக் கட்டில் ஒவ்வொரு வாரமும் தனித்தனியாக நிற்கிறது, ஆசிரியர் எந்த இடத்தில் கதையை வெட்டினார், வாசகரை ஏழு நாட்கள் காத்திருக்கச் செய்ய எந்தச் செய்தியை மறைத்தார் என்பது கைக்குத் தட்டுப்படுகிறது. ஒரு சிறுகதையை எந்த வரியில் நிறுத்துவது என்று எண்ணும்போதெல்லாம் நான் போய்ப் புரட்டுவது இதைத்தான்.

அடுத்தவை மாத நாவல்கள். 1969இல் தொடங்கிய ‘ராணி முத்து’ வரிசையில் பலவும் பழைய புத்தகக் கடைகளிலிருந்து வந்தவை. எழுபதுகளில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அந்த வரத்து மெலிந்து, கொழும்பின் வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் வெளியிட்ட நாவல்கள் அவ்விடத்தை நிரப்பின. அந்த வரிசையில் நம்மூர் ந. பாலேஸ்வரியின் நாவலும் இருக்கிறது. வணிகக் காரணத்தாலோ அரசியற் காரணத்தாலோ வந்த அந்தத் தடை, இலங்கை எழுத்துக்கு வாசகரைத் தேடித் தந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

பிறகு மொஸ்கோவிலிருந்து வந்தவை. முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய அந்த நூல்களின் தாளும் கட்டும் அவற்றின் விலைக்குச் சற்றும் பொருந்தாத தரம். தல்ஸ்தோயை நான் அறிந்தது அந்தப் பதிப்புகள் வழியாகத்தான். ஒரு மனிதனுடைய மனம் மாறுவதை நூற்றுக்கணக்கான பக்கங்களில் அவசரமின்றிச் சொல்லலாம் என்ற துணிவு அங்கிருந்து வந்தது.

அதன் பின் ‘மல்லிகை’ இதழ்களும், 1939இல் இதே ஊரில் பிறந்த தருமு சிவராம் என்ற பிரமிளின் கவிதைகளும். சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ சஞ்சிகை 1959இல் தொடங்கியபோது இவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு அதிக காலம் செல்லாமல் இங்கிருந்தே அதற்கு எழுதத் தொடங்கிவிட்டார். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் கவிதை இடிந்துவிடும் என்ற அளவுக்கு இறுக்கமான எழுத்தை வாசித்த பிறகு, என் கதைகளில் பெயரடைகள் பாதியாகக் குறைந்தன.

வலப்பக்கக் கடைசியில் இருப்பவை ‘கோணேசர் கல்வெட்டு’, ‘தட்சிண கைலாச புராணம்’, மாவட்டத்தின் ஊர் வரலாறுகள், விழா மலர்கள். கவிராச வரோதயனின் கோணேசர் கல்வெட்டு என்ற செய்யுள் நூலை நான் பக்திக்காக மட்டும் வாசிப்பதில்லை. கோணேசர் கோயிலில் யார் எந்தத் தொழும்பை (தொண்டை) செய்யவேண்டும், எதை யார் கொண்டுவந்து தரவேண்டும் என்று அது விரித்துச் சொல்லும்போது, ஒரு சமூகம் முழுவதும் வேலை செய்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. போர்த்துக்கேயர் 1620களில் இடித்த அந்தக் கோயிலின் கற்களைக்கொண்டு கட்டிய கோட்டைக்குள் நுழைந்துதான் இன்றும் நாம் கோணேசர் கோயில் இருக்கின்ற சுவாமி மலைக்கு ஏறுகிறோம். அந்தப் பாதையில் நடக்கும்போது இந்த நூல் வேறுவிதமாகப் பொருள் தருகிறது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான். ரசனை என்பது படிக்கட்டு, மேற்படிக்கு வந்தவன் கீழ்ப்படியை உடைக்கலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. எழுதுகின்றவனுக்கு, அவன் கடந்துவந்த நூல்கள் கடந்துபோன நூல்கள் அல்ல. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

தம்பலகாமத்தான்

ஐயா, உங்கள் பதிவை மரியாதையோடு வாசித்தேன், ஆனாலும் மாற்றுக் கருத்தொன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கின்றவன். எங்கள் வீட்டில் அலுமாரி என்று சொல்லக்கூடிய ஒன்று இல்லை, என் வாசிப்பு முழுவதும் கைபேசியில்தான். ஈழத்து நூல்களில் நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்திலிருந்து கிடைத்தவை. நீங்கள் வைத்திருக்கின்ற மல்லிகை இதழ்களை நான் அங்கேதான் வாசித்தேன். ஒரு நூல் ஒரு வீட்டில் பூட்டிய அலுமாரிக்குள் இருப்பதைவிட, ஒரு கிராமத்து வாசிகசாலையில் இருந்து பத்துப் பேருடைய கையில் அழுக்குப்படுவது நல்லதல்லவா? நீங்கள் இனி வாசிக்காத மாத நாவலை முதன்முதலாக வாசிக்கக் காத்திருக்கின்ற பிள்ளைகள் கந்தளாய்ப் பக்கத்திலும் வெருகல் பக்கத்திலும் இருப்பார்கள். முதல் அலுமாரியை நீங்கள் கொடுத்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

கொட்டியாரக்குடா

தம்பி சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் நூல்களை இழந்தவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்லவேண்டும். நான் மூதூரில் ஆசிரியராக இருந்தேன். 2006 ஓகஸ்ட்டில் மூதூரில் சண்டை மூண்டபோது, உடுத்த உடையோடு கந்தளாய்க்கு நடந்த ஆயிரக்கணக்கானவர்களில் நாங்களும் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர்கள் நின்றன, நூல்கள் நிற்கவில்லை.

அதன் பிறகு கையில் சிறிது பணம் சேர்ந்தபோது எந்த நூல்களைத் திரும்ப வாங்கினேன் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். விமர்சன நூல்களையோ, கருத்தரங்குகளில் பெயர் சொல்லுகின்ற நூல்களையோ நான் முதலில் தேடவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வாசித்தவற்றைத்தான் தேடினேன். பழைய புத்தகக் கடையில் சாண்டில்யன் ஒன்று கிடைத்தபோது விலையைக்கூடக் கேட்கவில்லை. ஆகவே உவர்மலை அன்பர் முதல் அலுமாரியைக் காக்க நினைப்பது எனக்கு முழுமையாக விளங்குகிறது. இழந்தபின் முதலில் தேடப்போவது அதைத்தான்.

இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். அன்பர் எங்கள் வ. அ. இராசரத்தினத்தைச் சொல்லாமல் விட்டது எனக்குக் குறையாகப்படுகிறது. 1925இல் மூதூரில் பிறந்து அங்கேயே ஆசிரியராக வாழ்ந்தவர், ‘தோணி’ என்ற சிறுகதைத் தொகுதிக்காக இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். அந்தத் தலைப்புக் கதையில் சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகின்ற கடற்கரைச் சிறுவனை எங்கள் வகுப்புகளில் நான் கண்டிருக்கிறேன். அவன் முன்வாங்கில் உட்கார்ந்திருப்பான், மீன் அதிகமாகப் படுகின்ற நாட்களில் பள்ளிக்கு வரமாட்டான். நான் அதை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, அவர்கள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கதையில் வருகின்ற கடல் எந்தப் பக்கத்துக் கடல் என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிட்டார்கள். தங்களுடைய கடலும் துறையும் அச்சில் வரலாம் என்பதை அவர்கள் அறிந்த நாள் அது. எழுத விரும்புகின்ற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு எந்த நாட்டு நாவலிலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நிலாவெளியாள்

வணக்கம். முதற்பதிவை எழுதிய அண்ணாவுக்கு இரண்டு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

‘மாத நாவல்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டி, அதற்குள் பாலேஸ்வரி அக்காவின் பெயரை ஒரு வரியில் வைத்துவிட்டு மொஸ்கோவுக்குப் போய்விட்டீர்கள். அவர் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். 1966இல் வந்த அவருடைய ‘சுடர்விளக்கு’, ஈழத்துப் பெண் ஒருவர் எழுதி நூலாக வந்த தொடக்ககால நாவல்களில் ஒன்று. இந்த ஊரில் இருந்துகொண்டு, ஆசிரியப் பணியும் செய்துகொண்டு, குடும்பப் பெண்ணின் மனத்தை எழுதியவர். குடும்ப நாவல் என்றால் அது ரசனையின் முதற்படி, அதைத் தாண்டித்தான் இலக்கியத்துக்கு வரவேண்டும் என்று சொல்லுகின்ற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் படிக்கட்டை மறுக்கிறீர்கள், ஆனால் உங்கள் பதிவின் நடையிலேயே படிக்கட்டு இருக்கிறது. ஒவ்வோர் அலுமாரிக்கும் அது உங்களுக்குக் கற்றுத்தந்ததைச் சொன்னீர்கள். மாத நாவலுக்கு மட்டும் இறக்குமதித் தடையைச் சொன்னீர்கள்.

என் தாயார் எழுதப் படிக்கத் தெரிந்த, ஆனால் வெளியே அதிகம் செல்லாத பெண். அவர் வாசித்தவை இந்த நாவல்கள்தான். அயல்வீட்டுப் பெண்களுக்கு அவர் அவற்றை வாசித்துக் காட்டுவார். பிறகு அந்தக் கதையிலுள்ள மருமகள் செய்தது சரியா பிழையா என்று மாலை முழுவதும் விவாதம் நடக்கும். தங்களுடைய வீட்டு விடயத்தை நேராகப் பேசமுடியாத பெண்கள், கதைப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். நான் கதை எழுதத் தொடங்கியபோது உரையாடல் எனக்கு எளிதாக வந்தது என்றால், அந்த விவாதங்களைக் கேட்டு வளர்ந்ததால்தான்.

திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1892இலேயே ‘தத்தை விடு தூது’ என்று பெண் விடுதலையைப் பாடியவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கருதப்படுகின்ற ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்டவரும் அவரே. ஆக, சரித்திர நாவலும் பெண்ணின் குரலும் இந்த மண்ணுக்கு இரவல் பொருள்கள் அல்ல. முதல் அலுமாரியை வைத்திருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

2004 ஆழிப்பேரலையில் எங்கள் வீட்டு நூல்கள் கடல்நீரில் கிடந்தன. சிலவற்றை எடுத்து உலர்த்தி வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் அவை மீண்டும் ஈரமாகி நாற்றம் எடுக்கின்றன. இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

சுவடிக்காப்பு

நான் நூலகப் பணியில் இருந்தவன், ஆகவே கடைசிக் கேள்விக்கு விடை சொல்கிறேன்.

கடல்நீர் உலர்ந்தாலும் உப்பு தாளுக்குள்ளேயே தங்கிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. அதனால்தான் மாரி தொடங்கியதும் தாள் நனைந்ததுபோல் ஆகிறது. நனைந்த உடனேயே நல்ல நீரில் கழுவி உலர்த்தியிருந்தால் உப்பு நீங்கியிருக்கும். இத்தனை ஆண்டுகளின் பின் வீட்டில் அதைச் செய்ய முயலவேண்டாம், மை கரையலாம், தாள் பிய்யலாம். அந்த நூல்களை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, அவை ஈரம் குடித்தபின் மாற்றிக்கொண்டிருங்கள். அரிய நூலாக இருந்தால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

நம்மூரில் நூலுக்கு இரண்டு பகைகள் இரண்டு பருவங்களில் வருகின்றன. ஐப்பசியிலிருந்து தைவரை வாடைக்காற்றோடு வருகின்ற மழையில் பூஞ்சணம் பிடிக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகின்ற மாதங்களில் தாள் வறண்டு, மடித்த மூலைகள் முறிந்து விழும். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கையளவு இடைவெளி விடவேண்டும், கீழ்த்தட்டு நிலத்திலிருந்து உயர்ந்திருக்கவேண்டும், நூல்களை நெருக்கி அடைக்கக்கூடாது. பூஞ்சணம் கண்டால் வெயிலில் விரித்துப் போடுகின்ற பழக்கம் பலரிடம் இருக்கிறது. நேர்வெயில் தாளை மேலும் பழுப்பாக்கும். நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே துடைக்கவேண்டும். வேப்பிலையும் வசம்பும் வைப்பது நம் முன்னோர் வழக்கம், அவை பூச்சியை ஓரளவு விலக்கும். ஏற்கெனவே கறையான் ஏறிய அலுமாரியை அவை காக்கமாட்டா.

உவர்மலை அன்பருடைய தொடர்கதைக் கட்டு பற்றி ஒரு எச்சரிக்கை. அக்காலச் சஞ்சிகைத் தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, அமிலம் ஊறி, நாளடைவில் தாளை நொறுங்கச் செய்யும். இதைத் தாமதப்படுத்தலாம், வீட்டில் நிறுத்தமுடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாகி எழுத்தை விழுங்கும். மெல்லிய கடதாசியும் மாப்பசையும் போதும். மிஞ்சியிருக்கின்ற துருக்கம்பிகளை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டை வாசிகசாலைக்குக் கொடுக்கலாம் என்று தம்பலகாமத்துத் தம்பி சொன்னார். பத்துக் கைகள் பட்டால் ஓராண்டு தாங்காது.

உவர்மலை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. நிலாவெளித் தங்கை சொன்னதற்கு முதலில் வருகிறேன். மாத நாவலிலிருந்து நான் பெற்றதைச் சொல்லவேண்டும் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அந்த நாவல்களில் அடுப்படியில், கிணற்றடியில், திண்ணையில் பேசுகின்றவர்கள் பேச்சை முடிப்பதில்லை. யாராவது வருவார்கள், பேச்சு அறுபடும், சொல்லாமல் விட்டதுதான் அடுத்த அத்தியாயத்தை நடத்தும். தல்ஸ்தோயின் பாத்திரங்கள் தங்கள் மனத்தைத் தாங்களே ஆராய்ந்து முடிக்கின்றன. நம் வீடுகளில் மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை. ஒரு கூட்டுக் குடும்பத்தின் அரைகுறைப் பேச்சை எழுதவேண்டுமானால் நான் பாலேஸ்வரியிடம்தான் போகவேண்டும்.

மூதூர் ஆசிரியர் ஐயாவுக்கு: இராசரத்தினத்தின் நூல்கள் என் அலுமாரியில் இல்லை, அவை மேசையிலேயே இருக்கின்றன. ‘தோணி’யையும், 1681இல் லண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலையும் நான் அருகருகே வைத்திருக்கிறேன். 1660இல் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்தில் பிடிபட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த அந்த மாலுமிக்கு உங்கள் குடா ஒரு கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கிய துறை. இராசரத்தினத்துக்கு அதே குடா உழைப்பும் பசியும் உள்ள வீடு. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கின்றவனுக்கு, இடத்தை வருணிப்பது என்றால் என்ன என்று வேறு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. என் ரசனை இன்று ஊர் வரலாறுகளின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான். கதைக்குக் கதை தேடுவதைவிட, கதை நடக்கின்ற நிலத்தைத் தெரிந்துகொள்வதில் இப்போது எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

தம்பிக்கு: கொடுப்பதை நான் மறுக்கவில்லை. மாத நாவல்களில் இரட்டையாக உள்ளவற்றையும், இன்று மறுபதிப்பில் கிடைக்கின்ற சரித்திர நாவல்களையும் உங்கள் ஊர் வாசிகசாலைக்குத் தருகிறேன். தந்தையார் கட்டிய தொகுதிகளும், மறுபதிப்பு வராத ஈழத்து நூல்களும் இங்கேயே இருக்கும். அவற்றை மின்பிரதியாக்க உங்களால் உதவமுடியுமா? பதிப்புரிமை பற்றி ஒரு குறிப்பு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகள்வரை உரிமை அவருடைய குடும்பத்தாருக்கு உண்டு. ஆகவே பொதுவெளியில் இடுவதற்கு முன் குடும்பத்தாரைக் கண்டு எழுத்தில் அனுமதி பெறவேண்டும். அதை நான் செய்கிறேன்.

தம்பலகாமத்தான்

நிச்சயமாக உதவுகிறேன் ஐயா. மாரிக்கு முன் தொடங்கினால் நல்லது என்று தோன்றுகிறது. தட்டையாக அழுத்தினால் பழைய கட்டு முறியும் என்பதால், நூலைப் பாதி திறந்த நிலையில் தாங்குகின்ற மரச்சட்டம் ஒன்றைச் செய்து, மேலிருந்து கைபேசியால் படம் எடுக்கலாம். நண்பன் ஒருவனுடைய தகப்பனார் தச்சுவேலை செய்பவர். அளவுகளைச் சொன்னால் செய்து தருவார்.

கொட்டியாரக்குடா

என்னிடம் எஞ்சியிருப்பவை சில பாடசாலை மலர்களும், 2006இன் பின் வாங்கிய நூல்களும்தான். மலர்களில் மூதூர்ப் பிள்ளைகள் எழுதிய கவிதைகள் இருக்கின்றன, எழுதியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அவற்றையும் அந்த மரச்சட்டத்தில் வைக்க இடம் உண்டா?

சுவடிக்காப்பு

அவற்றையே முதலில் வையுங்கள் ஐயா. நாவல்களுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்கும், பாடசாலை மலருக்கு இருக்காது. தம்பி, அட்டையின் உட்புறத்தையும், ஆசிரியர் குழுவின் பெயர் உள்ள பக்கத்தையும், அச்சகத்தின் பெயரையும் விடாமல் எடுங்கள். மரச்சட்டத்தின் கோணம் தொண்ணூறு பாகைக்கும் நூற்றிருபது பாகைக்கும் இடையில் இருக்கட்டும். படம் எடுக்கும்போது மின்விளக்கு நேர் மேலே இராமல் இரு பக்கங்களிலிருந்தும் விழவேண்டும்.